இடது பாதத்து வழி

செங்கரைப்பேரியில் ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பால்வண்டி வந்துபோனதற்கும் பள்ளிக்கூட வேன் வருவதற்கும் இடைப்பட்ட நேரத்தில், ஊரிலிருந்த அத்தனை பேருடைய உள்ளங்கால்களிலும் அவரவர் முன்னோர் வந்த வழி வரைபடமாக எழுந்தது. வைத்து நாளான மருதாணியின் நிறத்தில், தலைமயிர் கனத்தில், குதிகாலில் தொடங்கி விரல்களின் அடிவரை, ஆறு குறுக்கிட்ட இடத்தில் துறை தேடி அலைந்து, குன்று குறுக்கிட்ட இடத்தில் சுற்றிக்கொண்டு, மழைக்கு ஒதுங்கிய இடத்தில் சிறு முடிச்சாகத் தடித்து, மறுபடி நீண்டு போன கோடு. முதலில் படர்தாமரை என்று நினைத்து மருந்துக்கடையிலிருந்த களிம்பையெல்லாம் வாங்கித் தீர்த்தார்கள். களிம்பு தீர்ந்த பிறகும் கோடு அழியவில்லை, அரிப்பும் காய்ச்சலும் வரவில்லை என்பதால் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். ரேஷன் கடையில் அன்று பாமாயில் போட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் பக்கத்திலிருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று தங்கள் பாதத்தைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு எண்ணெய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எங்கள் ஊர் அதிசயங்களுக்குப் பதறாது. குழாயடியில் யார் குடம் முந்தியது என்பதற்குப் பதறும்.

எழுவர் வகையறாச் சங்கத்துக்கு இது வேண்டிய நேரத்தில் வந்த உதவியாகவே பட்டது. ஊரின் பெரிய தெரு முழுக்க எழுவர் வகையறாதான். வடக்கே ஒரு தலைநகரத்திலிருந்து நான்கு அண்ணன் தம்பியரும் அவர்களுடைய மாமன் மக்கள் மூவரும் வெள்ளைக் குதிரை ஏறி, அம்மனைப் பெட்டியில் வைத்து, வழியெல்லாம் கோயில் கட்டி, கடைசியில் இந்தக் குளத்தங்கரையில் இறங்கினார்கள் என்பதும், அன்று முதல் நால்வர் வீட்டுக்கும் மூவர் வீட்டுக்கும் இடையிலேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, வெளியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கலக்காமல் வாழ்கிறோம் என்பதும் அவர்களுடைய வரலாறு. குடமுழுக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் எழுவர் வந்த பாதையை வரைபடமாக்கி, பளிங்குக் கல்லில் வெட்டி, கோயில் சுவரில் பதிக்க வேண்டும் என்று சங்கத்தின் தலைவர் மாசானமுத்து தீர்மானம் போட்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். ஓய்வுபெற்ற பிறகும் கூட்டத்தை விசில் ஊதித்தான் தொடங்குவார். வரைபடம் போடும் வேலையை அவர் தம் ஒரே மகள் உலகம்மையிடம் கொடுத்திருந்தார். உலகம்மை திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் புவியியல் கற்பிப்பவள். புலம்பெயரும் குடும்பங்கள் தாய்க்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய்ப் புதிய ஊரில் கோயில் எழுப்பும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, பழைய நில அளவைத் தாள்களில் அந்தப் பிடிமண் கோயில்களைத் தேடிப் புள்ளி வைத்துக் கோடு இழுக்க முயன்றுகொண்டிருந்தாள். புள்ளிகள் எதுவும் வடக்கே போக மறுத்தன. அந்த நிலையில்தான் கோடுகள் காலிலேயே வந்தன.

வீட்டில் வேறொரு கவலையும் இருந்தது. மாசானமுத்துவின் மனைவி முப்பிடாதியின் இருதயம் வீங்கிவிட்டதாக மருத்துவர் சொல்லியிருந்தார். அடுத்த பொங்கலை அவள் பார்ப்பது கடினம் என்றும் சொல்லியிருந்தார். முப்பிடாதிக்குச் சாவைப் பற்றி ஒரு பயமும் இல்லை. சேலையைப் பற்றித்தான். கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் அவளுடைய பிறந்த வீட்டார் வந்து கோடிச் சேலை போர்த்தாமல் உடலைத் தூக்கக் கூடாது. அவள் எத்தனை வருடம் எந்த வீட்டில் உழைத்திருந்தாலும் கடைசித் துணி பிறந்த வீட்டுத் துணியாகத்தான் இருக்க வேண்டும். முப்பிடாதிக்குப் பிறந்த வீடு இல்லை. ஒரே அண்ணன் மும்பையில் பிள்ளை குட்டியில்லாமல் செத்தான். மிச்சமிருந்த பங்காளிகள், அந்த அண்ணன் நோயில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள். "அவனுவ கையால ஒரு நூலு எம்மேல பட்டுச்சோ, எந்திரிச்சு உக்காந்து துப்புவேன்" என்று அவள் தெருவறியச் சொல்லியிருந்தாள். பிறகு யார் போர்த்துவார்கள் என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. அந்தப் பதிலில்லாமைதான் அவளை இருதயத்தைவிட அதிகமாக அரித்தது.

உள்ளங்காலைப் படியெடுப்பது எளிய வேலையாக இருக்கவில்லை. பெரியவர் முன்னால் காலை நீட்டக் கூடாது, கணவன் முன்னால் பாதத்தைத் தூக்கிக் காட்டக் கூடாது, சாமிப் படம் இருக்கும் பக்கம் காலே வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட ஊர், வரிசையில் வந்து உலகம்மையின் முகத்துக்கு நேராகக் காலை நீட்ட வேண்டியிருந்தது. நீட்டியவர்கள் நீட்டுவதற்கு முன்னும் நீட்டிய பின்னும் கும்பிட்டார்கள். மாமனார் காலைப் பார்த்த மருமகள் ஒருத்தி, "இம்புட்டு வெடிப்புக்குள்ள வழி எங்கிட்டுத் தெரியுது மாமா" என்று கேட்டுவிட்டாள். அவர் அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சங்கம் கூடி, வலது பாதம் மட்டுமே சங்கத்தின் வரலாறாக ஏற்கப்படும், இடது பாதம் அமங்கலம், அதைப் படியெடுக்கலாகாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. வாசலில் வலது காலை எடுத்து வைத்து வருகிற ஜனம்; இடது காலுக்கு ஒரு வரலாறு இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

வலது பாதங்கள் எல்லாம் ஒன்றையே சொல்லின. ஒளி ஊடுருவும் தாளில் படியெடுத்து நில அளவைத் தாள்மேல் வைத்துப் பார்த்தபோது, கோடு முழுவதும் எறும்புச் சாரி போல நுண்ணிய புள்ளிகளால் ஆகியிருப்பதையும், ஒவ்வொரு புள்ளியும் ஒரு காலடி என்பதையும் உலகம்மை கண்டுபிடித்தாள். குதிரையில் வந்தவனுக்குக் காலடி ஏது. கோடு வடக்குத் தலைநகரம் எதிலும் தொடங்கவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கரிசல் காட்டில், இன்றைக்குப் பேருந்து ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் தொடங்கியது. ஊர் வருகிற இடத்திலெல்லாம் பெருவழியை விட்டு விலகி, மாட்டுத் தொழுவம் இருந்த இடத்திலெல்லாம் தயங்கி, தயங்கிய இடத்திலிருந்து திடீரென்று அடி அகன்று வேகம் பிடித்தது. இதைப் பார்த்த எந்தக் காவலரும் ஒரே சொல்லில் விளக்கம் சொல்லிவிடுவார். சங்கமும் விளக்கம் சொன்னது: எழுவரும் ஆநிரை மீட்ட வீரர்கள். யாரிடமிருந்து மீட்டார்கள் என்று உலகம்மை கேட்டதற்கு, "சொந்தக்காரன்கிட்ட இருந்துதான்" என்று சங்கத்தின் செயலாளர் தவசிக்கண்ணு யோசிக்காமல் சொல்லிவிட்டு, பிறகு யோசித்தார். பளிங்குக் கல்லில் குதிரைகளை அழித்து மாடுகளை வெட்டச் சொல்லிச் சிற்பிக்குத் தகவல் போனது.

இப்படியாக ஊர் தன் கால்களோடு பழகிக்கொண்டது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு உள்ளங்கால் படமும் கேட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்து வந்து எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் பரோட்டா தின்றுவிட்டுப் போனார்கள். செருப்புக்கடைக்காரர் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் அடிவைத்த செருப்பு தருவித்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெஞ்சில் காலைத் தூக்கிவைத்து உன் தாத்தா இந்த ஆற்றில் வழுக்கி விழுந்தார், என் தாத்தா விழவில்லை என்று சண்டை போட்டார்கள். எதையும் சீரணிக்கும் வயிறு எங்கள் ஊருக்கு. மாட்டுத் திருட்டையே சீரணித்த வயிறு.

மாசானமுத்து கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலை, முப்பிடாதி கட்டிலில் சாய்ந்தபடி மகளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஊருப்பட்ட வலது காலெல்லாம் பாத்துட்ட. இந்தா, இதையும் பாரு."

"இடது கால் வேண்டாம்னு அப்பா தீர்மானம் போட்டிருக்காருல்லா அம்மா."

"ஒங்கப்பன் தீர்மானம் போட்டா எங் கால் முளைக்காம இருந்துருமா? வலது காலு அப்பன் வழின்னா இது ஆத்தா வழியாத்தானட்டி இருக்கணும். அந்த ஏழு பேரும் வந்தானுவ, வந்தானுவன்னு பொறந்ததுல இருந்து கேக்கேன். பிள்ளை பெத்தது யாரு? வெள்ளைக் குருதையா?"

உலகம்மை சிரித்துக்கொண்டே அம்மாவின் வீங்கிய பாதத்தை மடியில் எடுத்து வைத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. பரம்பரை பரம்பரையாகப் பையன்கள் பெயரை ஒப்பித்துக்கொண்டு வந்த ஒரு கூட்டத்தில், புவியியல் படித்துப் பட்டம் வாங்கிய தனக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லையே என்ற வெட்கத்தை அவள் உணர்வதற்குள், இடது பாதத்தின் படம் அவளுக்குப் புரிந்துவிட்டது. அது வலது பாதத்தின் அளவுகோலில் வரையப்பட்டிருக்கவில்லை. ஒரே ஊரைப் பெரிதாக்கி, வயல் வரப்பு, கரை, மடை, ஆலமரம் எல்லாம் தெரியும்படி வரையப்பட்ட கிராம வரைபடம். ஊர் எங்கள் ஊர். குளம் எங்கள் குளம்.

"சொல்லுட்டி, எங்கிருந்து வருது?"

"மறுகரையில இருந்து."

குளத்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருப்பவர்களை எங்கள் ஊர் மறுகரை என்றுதான் சொல்லும். அவர்கள் குடியிருப்புக்கு அரசு வைத்த பெயர் ஒன்றும் இருக்கிறது, அதைப் பேருந்தில் மட்டும் எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு எங்கள் கோயில் வாசல்வரைதான். டீக்கடையில் அவர்களுக்குக் காகிதக் கோப்பை, எங்களுக்குக் கண்ணாடி, கேட்டால் சுகாதாரம் என்பார்கள்.

முப்பிடாதி தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வலது காலுல புள்ளி புள்ளியா இருக்குன்னியே. இதுல இருக்கா?"

"இல்லம்மா. வெறும் கோடு."

"நடந்தா புள்ளி விழணும்லா?"

"விழணும்."

"அப்ப நடக்கல."

"நடக்கல. தூக்கிட்டு வந்திருக்காங்க."

அதைச் சொல்லிவிட்டு உலகம்மை குனிந்து மறுபடியும் பார்த்தாள். கோடு முழுக்க வெறுமையாக இருக்கவில்லை. மடைக்குப் பக்கத்தில், கரை இறங்கும் இடத்தில், சில புள்ளிகள் இருந்தன. அகன்ற, சிதறிய புள்ளிகள். வந்த திசைக்கு நேர் எதிராக, மறுகரையைப் பார்த்து. பிறகு அவை நின்றன. பிறகு மீண்டும் வெறும் கோடு, முன்னைவிட ஆழமாக, பெரிய தெருவை நோக்கி.

"என்னட்டி அது?"

"இறங்கி ஓடியிருக்காம்மா."

முப்பிடாதி காலை இழுத்துக்கொண்டாள். தானே அந்த ஓட்டம் ஓடியவள் போல அவளுக்கு மூச்சிரைத்தது.

அன்று மாலைக்குள் பெரிய தெருவின் பெண்கள் அடுப்படியிலும் கிணற்றடியிலும் ஒருத்தி காலை ஒருத்தி பிடித்துப் பார்த்துவிட்டார்கள். ஏழு ஆத்தா வழிக்கு ஏழு கோடுகள், ஏழும் ஒரே குளத்தைத் தாண்டின, ஏழும் ஒரே திசையில் வந்தன, நடந்த கால் ஒன்றுமில்லை. பெண்களிடமிருந்து ஆண்களுக்குத் தெரிந்தது. ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் இடது காலைத் திருப்பிப் பார்த்தார்கள், அங்கேயும் அதே குளம், அதே மடை, அதே வெறுங்கோடு. பாதத்தில் படம் எழுந்ததற்குப் பதறாத ஊர் இதற்குப் பதறியது. மறுநாள் பெரிய தெருவே நொண்டியது. இடது காலைத் தரையில் ஊன்ற யாருக்கும் மனம் வரவில்லை. ஆனி மாத வெயிலில் இடது காலில் மட்டும் காலுறை மாட்டிக்கொண்டு ஆண்கள் வங்கிக்கும் வயலுக்கும் போனார்கள். நுரைக்கல் வைத்துத் தேய்த்தார்கள், அமிலம் வைத்துப் பார்த்தார்கள், நகரத்துக்குப் போய்க் கருவி வைத்துச் சுட்டுக்கொண்டு வந்தார்கள். தோல் உரிந்து புதுத்தோல் வந்தபோது கோடும் வந்தது. மடைப் பக்கத்துப் புள்ளிகள் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்து வந்தன.

சங்கம் மாசானமுத்துவின் வீட்டு முற்றத்தில் கூடியது. அன்று அவர் விசில் ஊதவில்லை. தவசிக்கண்ணுதான் பேசினார்.

"இதுல பதற என்ன இருக்கு? அவுக விரும்பி வந்திருப்பாக. நம்ம முன்னோர் அழகும் வீரமும் அப்படி. காதல் கல்யாணம்னு வச்சுக்கிட்டா முடிஞ்சுது."

போன வருடம்தான் தவசிக்கண்ணு தம் தங்கை மகள் ஒருத்தி வேற்றுச் சாதிப் பையனோடு கைபேசியில் பேசினாள் என்பதற்காக அவள் தலையை மழித்து அறையில் பூட்டியவர். அந்த வாய் காதல் என்ற சொல்லை எப்படி உச்சரித்தது என்று வாசலில் நின்ற பெண்கள் வியந்துகொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து முப்பிடாதியின் குரல் வந்தது.

"விரும்பி வந்தவ எதுக்குவே மடைகிட்ட எறங்கித் திரும்ப ஓடுதா? செருப்பை மறந்துட்டு வந்துட்டாளோ?"

கூட்டம் கலைந்த பிறகு மாசானமுத்து மகளிடம் வந்து, வழக்கமில்லாத தணிந்த குரலில், "ஏம்மா, வரைபடத்துல எல்லாத்தையுமா போடுவாங்க? தேவையானதை மட்டும் வரையணும்னு நீதான சொல்லுவே" என்றார்.

"ஆத்தை விட்டுட்டுப் பாலத்தை மட்டும் வரையச் சொல்லுதீங்கப்பா."

"கல்லு வெட்டியாச்சு."

"கல்லு வெட்டினா கால் மாறிருமா?" என்று அவள் கேட்டாள். அவர் தம் இடது கால் காலுறையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

உலகம்மை மறுகரைக்குப் போனாள். பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்துக்கு அவள் போவது அதுவே முதல் முறை. அதை அங்கே யாரும் அவளுக்குச் சொல்லிக்காட்டவில்லை, நாற்காலி போட்டார்கள். நூறு நாள் வேலைக்கு ஆள் மேற்பார்க்கும் பேராச்சி, கையில் மண்வெட்டியோடு வந்து எதிரில் நின்றாள். ஐம்பது வயதுக்காரி, அவள் ஒரு சத்தம் போட்டால் குளத்தின் அக்கரையில் வேலை செய்பவர்களும் நிமிர்வார்கள்.

"எங்க காலையும் பாக்க வந்தியாம்மா? எங்களுக்கு வழியெல்லாம் கெடையாது. ஏதோ சுத்திச் சுத்திக் கிறுக்கி வச்சிருக்கு."

மறுகரையின் ஆண்களும் பெண்களும் வலது பாதத்தை நீட்டினார்கள். அவர்கள் எங்கிருந்தும் வந்திருக்கவில்லை. கோடு அவர்களுடைய குடியிருப்பிலேயே தொடங்கியது. தொடங்கி, குளத்துக்கரை ஏறி, பெரிய தெருவைச் சுற்றியது. சுற்றித் திரும்பி வந்தது. மறுபடி போய்ச் சுற்றியது. தெருவுக்குள் ஒரு புள்ளியும் நுழையவில்லை. தெருவின் கொல்லைப்புறங்களை ஒட்டி, வேலிகளை ஒட்டி, சாணிக் குழிகளை ஒட்டி, சுற்றி, சுற்றி, ஒரு தலைமுறையின் அடி தேய்ந்து மறைய அடுத்த தலைமுறையின் அடி அதன்மேல் விழுந்து, தோல் தெரியாமல் கறுக்கும் வரை சுற்றியிருந்தது. பேராச்சி மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா தேடியிருக்காக எங்க ஆளுக? மாடா?"

"இல்லக்கா. பொண்ணுங்களை."

உலகம்மை தன் இடது செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். பேராச்சி உட்கார்ந்து, அந்தக் காலைக் கையில் ஏந்தி, மறுகரையிலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள், மடையில் விரலை நிறுத்தினாள். சுற்றி நின்றவர்களில் ஒரு கிழவர் தம் பாதத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். அழுதவருக்குத் தாம் யாருக்காக அழுகிறோம் என்று தெரியாது. கதை வைத்துக்கொள்ள ஒரு பத்தாயமாவது வேண்டும். அவர்களிடம் அதுவும் விடப்படவில்லை.

முப்பிடாதியின் சேலைக் கவலையை உலகம்மை அப்போதுதான் சொன்னாள். அப்பன் வழி அடைந்துபோயிற்று, ஆத்தா வழி ஒன்றுதான் திறந்திருக்கிறது, அது இங்கே வருகிறது என்று அம்மா சொல்லியனுப்பியதைச் சொன்னாள். பேராச்சி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"நம்ம வீட்டுப் பிள்ளைன்னா போடாம இருப்பமா? ஆனா சாவு சொல்லி விடணும். சொல்லி விடாத வீட்டுக்கு எந்தப் பொறந்த வீடும் போகாது. போனா பிச்சைக்குப் போன மாதிரி."

"சொல்லி விடுவோம்."

"யாரை விடுவ?" என்று பேராச்சி கேட்டாள். உலகம்மைக்குக் கேள்வியின் கனம் அங்கே புரியவில்லை. கரை ஏறித் திரும்பும்போது புரிந்தது. பெரிய தெருவில் ஒரு சாவு விழுந்தால் ஊர் ஊராகப் போய்ச் சொந்தங்களுக்குச் சொல்லிவரும் வேலை எப்போதும் மறுகரைக்காரர்களுடையதாக இருந்தது. வெயிலானாலும் மழையானாலும் அவர்கள் ஓடிப்போய், எந்த வீட்டு வாசலிலும் ஏறாமல் தெருவில் நின்று சொல்லிவிட்டு வந்தார்கள். எங்கள் சாவையெல்லாம் உலகத்துக்குச் சொன்னவர்களுக்குச் சாவு சொல்லிப்போக எங்களிடம் ஓர் ஆள் இல்லை. அப்படி ஒருவர் தேவைப்படும் என்று யாரும் நினைத்ததும் இல்லை.

முப்பிடாதி ஆடி பிறந்த பிறகு, ஒரு முற்பகலில், காபி ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தாள். போவதற்கு முந்தைய நாள் கணவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீங்கதான் போய்ச் சொல்லணும்" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முற்றத்தில் உடலைக் கிடத்தினார்கள். பந்தல் போட்டார்கள். அவளுடைய பங்காளி ஒருவன் நல்ல பட்டுச் சேலையோடு வந்து நின்றான். உலகம்மை வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். தவசிக்கண்ணு மாசானமுத்துவின் காதில், வேளை தப்புகிறது, தலைவர் தயங்கினால் தெருவே சிரிக்கும், அந்தப் பட்டுச் சேலையையே போர்த்திவிடலாம் என்று ஓதினார்.

மாசானமுத்து மனைவியின் கால்மாட்டில் நின்றிருந்தார். பாயில் கிடந்த பாதங்கள் இரண்டும் அவர் பக்கம் திரும்பியிருந்தன. முப்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர், மனைவியின் உள்ளங்காலை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் முறை. இடது பாதத்தின் மடைப் பக்கத்துப் புள்ளிகளை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, குனிந்து தம் காலுறையைக் கழற்றினார், செருப்பையும் விட்டார், துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தம் முன்னால் அப்படித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பவர்களை மட்டுமே அதுவரை பார்த்திருந்தவர். தெருவைத் தாண்டி, கரை ஏறி, வற்றிக் கிடந்த குளத்துக்குள் இறங்கி, வெடித்த வண்டலில் கால் சுட நடந்து போனார். பெரிய தெரு முழுவதும் கரையில் ஏறி நின்று பார்த்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

மறுகரையின் வேப்பமரத்தடியில் பேராச்சியும் மற்றவர்களும் நின்றிருந்தார்கள். செய்தி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அசையாமல் நின்றார்கள். மாசானமுத்து தெருவில் நின்று, எந்த வாசலிலும் ஏறாமல், சொன்னார்.

"முப்பிடாதி தவறிட்டா."

"எந்த முப்பிடாதி?" என்று கேட்டாள் பேராச்சி. அப்படிக் கேட்பதுதான் முறை.

"எம் பொண்டாட்டி. ஒங்க வீட்டுப் பிள்ளை."

"கேட்டாச்சு மாப்பிள்ளை" என்றாள் பேராச்சி. நேற்றுவரை அய்யா என்றவள். அந்தச் சொல் கரைவரை கேட்டது; கரையில் நின்றவர்களில் சிலர் தங்களை அறியாமல் ஓரடி பின்னால் போனார்கள். பேராச்சி நகரவில்லை. "மத்த ஏழு பேரும்?"

"எந்த ஏழு பேரு?"

"நீங்க தூக்கிட்டுப் போன எங்க ஏழு பொண்ணுக. அவுக எப்பச் செத்தாக? எங்களுக்கு இன்னும் சொல்லி விடலையே. எங்க ஆளுக சுத்திச் சுத்தி வந்து வேலிக்கு வெளிய நின்னுட்டுத் திரும்பியிருக்காக. உசுரோட இருக்காளா, செத்தாளான்னு ஒரு நாதி சொல்லல. ஒருத்திக்குச் சொன்ன வாயால மத்தவளுக்கும் சொல்லிருங்க. பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

மாசானமுத்துவுக்கு எழுவருடைய பெயரும் தெரியும். அவர்கள் ஓட்டிவந்ததாகச் சொல்லப்படும் காளைகளின் பெயரும் அவற்றின் சுழியும் தெரியும். அவர்கள் கையிலிருந்த அரிவாளுக்கு ஒரு பெயர் உண்டு, அதுவும் தெரியும்.

"பேரு தெரியாது" என்றார்.

"எங்களுக்கும் தெரியாது" என்றாள் பேராச்சி. "தொலைச்சவுக நாங்க, எங்களுக்கு மறந்துபோச்சு. வச்சிருந்தவுக, ஒங்களுக்குமா தெரியாது?"

வேப்பமரத்தில் காற்றில்லை. மாசானமுத்துவின் கால்கள் சுட்டன. ஒன்றை மாற்றி ஒன்று ஊன்றிக்கொண்டிருந்தவர், பிறகு இரண்டையும் ஊன்றினார். விளையாட்டுத் திடலில் ஆயிரம் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்த அந்தக் குரல், தனக்குத் தெரிந்த ஒரே பெயரை எடுத்துக்கொண்டது.

"முப்பிடாதி தவறிட்டா" என்றார்.

"கேட்டாச்சு" என்றாள் பேராச்சி.

"முப்பிடாதி தவறிட்டா."

"கேட்டாச்சு."

ஒவ்வொரு முறையும் சாவு புதிதாக நடந்தது போல அவர் அதிர்ந்தார். ஒவ்வொரு முறையும் முன்னைவிடச் சத்தம் குறைந்தது. கடைசிப் பெண்ணுக்கு வந்தபோது உதடுதான் அசைந்தது, பேராச்சி அதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் பின்னால் திரும்பிப் பெண்களைப் பார்த்தாள்.

"எட்டுச் சேலை எடுங்கடி" என்றாள்.